லாச்சிக்குள் கிடந்த தாள்

பிள்ளைகளே, உங்கள் அம்மாவுக்கு ஒரு மாத்திரை எழுதிக்கொடுக்க ஒரு டொக்டர் பின்னடித்த கதையை எழுதுகிறேன். இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

வெளிநாட்டு வேலையிலிருந்து திரும்பிய பிறகுதான் எனக்கு எச்ஐவி இருப்பது தெரிந்தது. பிழை என்னுடையது. அதை அம்மாவிடம் நானே சொன்னேன். இரண்டு நாள் அவர் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் போய்த் தானும் பரிசோதித்துக்கொண்டார். அவருக்குக் கிருமி இல்லை.

நான் மருந்து தொடங்கினேன். என் இரத்தத்தில் கிருமி அடங்கச் சில மாதம் செல்லுமாம். அதுவரை அம்மாவுக்குத் தொற்றாமல் இருக்கத் தினமும் போட ஒரு மாத்திரை இருக்கிறது, டொக்டர் எழுத வேண்டும் என்று கிளினிக் தாதி சொன்னார்.

நாவற்குடாவில் பஸ் ஏறி, அம்மாவும் நானும் கிளினிக் டொக்டரிடம் போனோம். டொக்டர் அம்மாவை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. என்னிடம்தான் சொன்னார்:

“தங்கச்சி நல்ல குடும்பப் பொம்பிள. இந்த மருந்து வேற மாதிரி ஆக்களுக்கு. நீங்க கொஞ்ச நாளைக்கு வேற வீட்டுல படுங்களன்.”

நான் வாய் திறக்குமுன் அம்மா முந்திவிட்டார்.

“அது என்ட சீதன வீடு, டொக்டர். இவர் அங்க இருக்கிறதா போறதா எண்டு நான்தான் சொல்லணும். இருக்கச் சொல்லிட்டன். நீங்க மருந்த எழுதுங்க.”

“பக்க விளைவு இருக்கு…”

“சீனி வருத்தத்துக்குக் குடுக்கிற மாத்திரைக்கு இல்லாததா? வருத்தம் வந்தா எழுதுவீங்க, வராமத் தடுக்க எழுத மாட்டீங்களோ?”

டொக்டர் பேனையை உருட்டினார். பிறகு மெதுவாக, “நான் இத ஒருத்தருக்கும் எழுதினதில்ல. எப்பிடி எண்டும் வடிவாத் தெரியா” என்றார்.

தாதி வந்து அவருடைய மேசை லாச்சியை இழுத்தார். பழைய கலண்டர்களுக்குக் கீழே ஒரு சுற்றறிக்கைத் தாள். அந்த மாத்திரையை யாருக்குக் கொடுக்கலாம், முதலில் என்ன பரிசோதனை, எல்லாம் அதில் இருந்தது.

“போன வருசமே வந்தது, டொக்டர்.”

அவர் அதை வாசித்து, அம்மாவின் சிறுநீரகத்தைப் பரிசோதிப்பித்து, மாத்திரையை எழுதினார்.

மூன்று மாதம் கழித்துப் போனபோதும் அம்மாவுக்குக் கிருமி இல்லை. தாள் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்தது.

“இப்ப இந்த மருந்து வேணுமா எண்டு நானே எல்லாரிட்டயும் கேக்கிறன், அண்ணன்” என்று டொக்டர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“எங்களுக்கு முதல் இந்தக் கதிரையில இருந்து வெறுங்கையோட போன பொம்பிளையளுக்கு இப்ப என்ன கதி, டொக்டர்?” என்று கேட்டேன்.