காளியம்மன் வாசலில் செல்வமலரக்கா

மங்கை லண்டன் ஹரோவில் எனக்குப் பக்கத்து வீடு. பிறந்தது போர்னியோத் தீவில், மழைக்காடு சூழ்ந்த கூச்சிங் நகரத்தில். படிக்க லண்டன் வந்து, அப்படியே தங்கி, கவுன்சிலில் கணக்குப் பார்க்கிறாள். வருசத்துக்கு ஒருமுறை லண்டன் தமிழர்களைத் திரட்டித் தன் ஊரைக் காட்டக் கூட்டிப்போவாள். அந்தக் கிழமை ஏழு நாளும் அவளைக் கையில் பிடிக்க முடியாது. கோட்டை, பழம்பொருள் நூதனசாலை, ஆற்றங்கரை என்று ஓயாத ஓட்டமும் பேச்சும்தான். ஆட்களை மேய்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். என் வாய்க்குப் பயந்து எல்லாரும் நேரத்துக்கு பஸ் ஏறுவார்களாம்.

இந்த முறை டூட்டிங்கிலிருந்து செல்வமலரக்கா வந்திருந்தார். கலியாணம் கட்டாமல் அண்ணன் யோகலிங்கத்தோடும் மச்சாளோடும் அவர்கள் வீட்டிலேயே இருப்பவர். அண்ணனுக்கு இருதய ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு, கூச்சிங் காளியம்மனுக்குச் சாத்தப் பட்டுச்சேலை கொண்டுவந்திருந்தார்.

மூன்றாம் நாள் காலைச் சாப்பாட்டில் மங்கைக்கு லண்டனிலிருந்து போன். யோகலிங்கத்தின் மகன் சுஜீத். அப்பா திடீரென்று இருதயம் நின்று மோசம் போய்விட்டாராம். மாமி செல்வமலரக்காவுக்கு இப்போதைக்குச் சொல்ல வேண்டாமாம். லண்டனில் உடல் கைக்குக் கிடைத்துச் செத்தவீடு நடக்க எப்படியும் கிழமைக்கணக்கில் இழுபடும், அவர் ஆறுதலாகச் சுற்றிப்பார்த்துவிட்டு வரட்டுமாம்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பெரிய மனுசர் சொல்லிவிட்டார், நடிக்க வேண்டியது நாங்கள்.

"நீர் சொல்லிப்போடும்" என்றேன்.

"எப்படி மாலினி? அவங்க குடும்பம் வேணாங்குது" என்றாள் மங்கை. "எனக்கும் இப்படித்தான் பண்ணாங்க. இங்க அப்பா போயிட்டாரு, நான் அங்க பரீட்சை எழுதிட்டு இருந்தேன். முடியற வரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்கல. எங்கம்மாவை இன்னும் என்னால மன்னிக்க முடியல."

"பிறகென்ன யோசினை?"

தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கென்று பார்த்து செல்வமலரக்காவுக்கு ஒரே குதூகலம். அந்த ஊரின் அடையாளமாகத் தெருவில் நின்ற பூனைச் சிலையைக் கட்டிப்பிடித்தபடி, "ஒரு படம் எடும் பிள்ளை, அண்ணைக்கு அனுப்ப" என்றார். மங்கை எடுத்தாள். நூதனசாலையில், ஊரே ஒரு கூரையின் கீழ் வாழும் நீள வீட்டைப் பற்றி மங்கை விளக்கினாள். "எங்கடை மச்சாள் ஒராளோட இருக்கவே பெரும்பாடு, இதிலை முழு ஊருமோ?" என்று செல்வமலரக்கா விழுந்து விழுந்து சிரித்தார். கூட்டமும் சிரித்தது. மங்கையும் சிரித்தாள்.

அடுத்தது காளியம்மன் கோயில். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. சாவு விழுந்த வீட்டாருக்குத் துடக்கு. ஒரு மாதத்துக்குக் கோயில் படி மிதிக்கக்கூடாது. தெரியாமல் மிதித்தாலும், பிறகு தெரியவந்தால் செல்வமலரக்கா சாகும்வரை அதையே நினைத்து வெந்துகொண்டிருப்பார். மங்கையின் காதில் குசுகுசுத்தேன். அவளுக்கு முகம் செத்துப்போனது.

"கோயிலை நாளைக்குப் பார்ப்போம்" என்று மைக்கில் சொன்னாள். யார் கேட்டார்கள்? கோயில் மணி அடிக்கிறது, பஸ்ஸும் வாசலில் நின்றுவிட்டது. செல்வமலரக்கா முதல் ஆளாக இறங்கிச் செருப்பைக் கழற்றினார்.

மங்கை ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள். "அக்கா, நீங்க உள்ள போக வேணாம்."

"ஏன் பிள்ளை, மறிக்கிறீர்?"

மங்கை செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்தாள். சொல்லத் தேவையேயில்லை. எங்கள் ஆட்களில் ஒருவரைக் கோயில் வாசலில் மறிப்பதென்றால் வீட்டில் சாவு, வேறென்ன?

"அண்ணையோ?"

"ஆமாக்கா."

செல்வமலரக்கா அழவில்லை. மங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவோரம் அப்படியே குந்திவிட்டார். பட்டுச்சேலைப் பையை மடியில் வைத்தபடி கேட்டார்.

"உமக்கு எப்ப தெரியும்?"

"காலைல சாப்பிடும்போது."

பிடித்திருந்த கையை விட்டார்.

"அம்மன் வாசல் வந்தபடியால் சொன்னீர். இல்லாட்டி லண்டன் போய்ச் சேருமட்டும் என்னைச் சிரிக்க விட்டிருப்பீர், என்ன?"

"ஆமாக்கா" என்றாள் மங்கை.