நாற்காலிக்கும் மூட்டுவலி: கரிக்கலாம்பாக்கம் முகாமுக்குப் போன கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் விழுப்புரத்திலிருந்து கிளம்பியது ஊர் சுற்ற அல்ல, சண்டை போட. வில்லியனூரில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்மானம். இதயத்தில் ஸ்டென்ட் வேறு வைத்திருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை போட்டே ஆக வேண்டும். அவர்தான் முந்தின நாள் போனில், “கரிக்கலாம்பாக்கத்துல முகாம் போட்டுருக்காங்கடி. மஞ்சளோட நிறத்த மட்டும் எடுத்து மாத்திர தராங்களாம். அத துன்ற வரைக்கும் வேற மாத்திர எதுவும் கூடாதாம், நிறுத்திடப் போறேன்” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

உடனே அவருடைய இதய டாக்டருக்குப் போன் போட்டேன். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறமி மூட்டுவலியைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் தேய்ந்த குருத்தெலும்பு வளர்ந்ததற்கு ஆதாரமில்லை என்றார். குழம்பில் போடும் மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம், செறிவாக்கிய மாத்திரை என்றால் இவருக்கு ரத்தக் கசிவு வரலாம். இதய மாத்திரையை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்றும் எச்சரித்தார்.

விழுப்புரத்திலிருந்து வில்லியனூருக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம். பெரியம்மா கேட்டால்தானே? “வந்து பாத்துட்டு அப்புறம் பேசுடி” என்று ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கரிக்கலாம்பாக்கத்துக்கு சுமார் ஒன்பது கிலோமீட்டர், காத்திருந்து திரும்ப நானூறு ரூபாய். வழியெல்லாம் வயலுக்குள் மனைக்கற்கள். நாற்று நட வேண்டிய இடத்தில் கல் நடுகிறார்கள். அந்த எரிச்சல் வேறு சேர்ந்துகொண்டது.

முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில். வெள்ளைக் கோட்டு போட்ட ஆள் ஒவ்வொருவர் முட்டியிலும் மஞ்சள் விழுதைத் தடவி, மேலே ஏதோ தெளிந்த தண்ணீரைத் தெளித்தார். முட்டி ரத்தச் சிவப்பானது. “பாத்தீங்களா, உள்ள இருக்கற நோவு வெளிய வருது!” என்றார். மண்டபமே உச்சுக் கொட்டியது.

மஞ்சளில் சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் சிவக்காமல் பச்சையாகவா மாறும்? கோவிலில் தாலி கட்டினாலும் சர்ச்சில் கட்டினாலும் வாசலில் சுற்றுவது இதைத்தானே! நான் ஆட்டோக்காரர் வேலுவைக் கூப்பிட்டு அவர் முட்டியிலும் தடவச் சொன்னேன். முந்தின நாள் கபடி ஆடிய முட்டி அது. அதுவும் சிவந்தது.

“பாத்தீங்களா?” என்றேன் வெற்றியோடு.

“ஐயோ பாவம், இந்த வயசுலயேவா!” என்றது கூட்டம். வேலுவின் முகம் வெளுத்துவிட்டது. “அக்கா, எனக்கும் இருக்குதா?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. விழுதை அள்ளி பிளாஸ்டிக் நாற்காலியின் கையில் அப்பினேன், தண்ணீரைக் கொட்டினேன். பளிச்சென்று சிவந்தது. “இதுக்கும் மூட்டுவலியா?” என்று கத்தினேன்.

பெரியம்மா குனிந்து முகர்ந்து பார்த்தார். “மாதாவே! இன்னாடி இது, ஆரத்தி! எத்தினி கல்யாணத்துக்குக் கரைச்சிருக்கேன், எங்கிட்டயேவா?”

வெள்ளைக் கோட்டு துளியும் அசரவில்லை. நாற்காலியை ஓரமாகத் தள்ளச் சொல்லிவிட்டு, “அடுத்தது யாரு?” என்றார். நாலைந்து பேர்தான் எழுந்து போனார்கள். மற்றவர்கள் புடவையை முட்டிவரை தூக்கிக்கொண்டு வரிசையில் முன்னால் நகர்ந்தார்கள். இன்னும் என் வயிறு எரிகிறது.

இப்படிப்பட்ட முகாமுக்கு உங்கள் வீட்டிலிருந்து யாராவது கிளம்பினால் தனியாக அனுப்பாதீர்கள், கூடவே போங்கள். டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்த விடாதீர்கள், எதையும் புதிதாகத் தொடங்கவும் விடாதீர்கள். முட்டிக்குப் பயிற்சி சொல்லித் தர அரசு மருத்துவமனையில் கேளுங்கள். வலியைச் சொல்லும்போது, வயசானால் அப்படித்தான் என்று மட்டும் வாயை அடைக்காதீர்கள். நான் அடைத்திருக்கிறேன்.

திரும்பும்போது ஆட்டோவிலேயே பெரியம்மா இதய மாத்திரையைப் போட்டுக்கொண்டார். வில்லியனூர் வரும்வரை முட்டியைத் தேய்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போதுதான் பேசினார்.

“அந்தாளு மட்டுந்தான்டி, எங்க வலிக்குதுன்னு கேட்டு முட்டியத் தொட்டுப் பாத்தான்.”