ஸ்ரெல்லா அக்காவின் தடிமன்

கொழும்புத்துறைச் சந்தியில் இருபத்தாறு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எனக்குச் சட்டென்று கோபம் வரும் என்று ஊரில் பெயர். வராமல் என்ன செய்யும்? ஒரு கிழமைக்கு எழுதிய மருந்தை இரண்டு நாள் குடித்துவிட்டு "சுகமாயிட்டுது" என்று நிறுத்துகிறவர்களையும், பக்கத்து வீட்டுக்காரியின் மாத்திரையைக் காட்டி "உதே மாதிரி ரெண்டு தாங்கோ" என்கிறவர்களையும் காலை முதல் இரவு வரை பார்த்துக்கொண்டிருந்தால் சாதுவுக்கும் வரும். ஆனால் நான் மிக அதிகமாகக் கோபித்தது ஸ்ரெல்லா அக்காவோடுதான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. குருநகரில் பிறந்து, கல்யாணம் முடித்து இங்கே வந்தவர். கணவர் செபநாயகம் நாலு வருடத்துக்கு முன் சிறுநீரக வியாதியில் போய்விட்டார். ஒரே மகன் எமில்ராஜ் பிரான்ஸில், ஒரு சாப்பாட்டுக்கடையின் குசினியில் வேலை செய்கிறான். அக்கா விடியற்காலையில் இடியப்பம் அவித்துச் சந்திக் கடைக்குக் கொடுப்பார். எட்டு மணிக்கு அந்த வேலை முடிந்துவிடும். அதன் பிறகு அந்த வீட்டில் அவரோடு கதைக்க ஒரு சீவன் இல்லை. வாங்க ஒன்றும் இல்லாத நாளிலும் ஒரு பனடோல் மாத்திரை அட்டை வாங்கிக்கொண்டு என் கடையில் அரை மணி நேரம் நிற்பார். இவ்வளவு பனடோலையும் இந்த மனிசி என்ன செய்கிறது என்று மட்டும்தான் நான் யோசித்தேன். அவ்வளவுதான் என் புத்தி.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள், "தம்பி, தடிமன் விடுதில்லை" என்று வந்தார். சளி பிடித்து மூக்கு இரண்டு பக்கமும் அடைத்து, குரல் பானைக்குள் இருந்து வருவது போலக் கேட்டது. தடிமன் குளிசை கொடுத்தேன். மூன்று மாதம் கழித்தும் அதே குரல். இதற்கிடையில் இடியப்பப் பானையில் தண்ணீர் வற்றி அடி கருகியிருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆட்கள் சத்தம் போட்டிருக்கிறார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த அக்காவுக்கு மட்டும் மணக்கவில்லை. அதைக் கேட்டதும் எனக்குப் பயம் பிடித்தது. இனிக் குளிசை தரமாட்டேன் என்று ஏசி, காது மூக்குத் தொண்டைக் கிளினிக்குக்கு அனுப்பினேன்.

அங்கே டொக்ரர் மெல்லிய குழாய்க் கமராவை மூக்குக்குள் விட்டுப் பார்த்திருக்கிறார். உள்ளே சதை வளர்ந்து தொங்குகிறது, தோலுரித்த திராட்சைப் பழம் போல. அக்காவுக்கு முன்பே ஆஸ்துமா இருந்தது. இரண்டும் சேர்ந்து வருவது வழக்கம் என்றும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் இப்போதைக்குப் புற்றுநோய்ப் பயம் வேண்டாம் என்றும், முதலில் மருந்தால் சுருக்கிப் பார்ப்போம் என்றும் சொல்லி மூக்குக்கு அடிக்கும் ஸ்பிறே எழுதிக் கொடுத்திருந்தார். நான் செய்து காட்டினேன்: முதலில் கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவவேண்டும், தலையைக் குனியவேண்டும், குழாயை மூக்கின் நடுச்சுவருக்கு நேராகப் பிடிக்காமல் வெளிப்பக்கமாகத் திருப்பவேண்டும், அடித்ததும் பலமாக உறிஞ்சக்கூடாது. ஒரு நாளில் சுகம் வராது, கிழமைக் கணக்காகும். ஒரு போத்தல் ஒரு மாதத்துக்குக் காணும்.

மூன்று மாதமாகியும் அக்கா அடுத்த போத்தலுக்கு வரவில்லை. பனடோலுக்கு வந்தார். குரல் அப்படியே இருந்தது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் போத்தலைக் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்தார். முத்திரைகூட உடைக்கவில்லை!

நான் கத்தியதில் றோட்டால் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அக்கா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"கோவிக்காதேங்கோ தம்பி. முந்தி எமில் கிழமைக்கு ஒருக்காத்தான் ரெலிபோன் எடுப்பான், அஞ்சு நிமிசம். மூக்கு அடைச்ச பிறகு என்ரை குரலைக் கேட்டுப்போட்டு, 'அழுறியளோ அம்மா?' எண்டு கேட்டான். இல்லையடா, தடிமன் எண்டன். நம்பேல்லை. அண்டையிலையிருந்து ஒவ்வொரு நாளும் இரவு ஏழு மணிக்கு எடுக்கிறான். வேலைக்குப் போற றெயினிலை இருந்து அரை மணித்தியாலம் கதைப்பான். குரல் திருந்தினா விட்டிடுவான்."

"உந்த விசர்க்கதையை விடுங்கோ அக்கா" என்றேன். என் அலுமாரியில் அதற்கு மருந்து கிடையாது.

அந்த வருட மாரியில் ஒரு நாள், ஏழேகால் இருக்கும், கடைத் தொலைபேசி அடித்தது. மருந்துச் சீட்டை ஒருமுறை எமில்ராஜுக்குப் படம் எடுத்து அனுப்பியிருந்ததால் என் இலக்கம் அவனிடம் இருந்தது.

"கேதீஸ் அண்ணை, அம்மா எடுக்கிறா இல்லை. நாலு தரம் அடிச்சிட்டன். ஒருக்காப் போய்ப் பாக்கிறியளே?"

சந்தியில் நின்ற ஓட்டோவில் ஏறிப் போனேன். அக்கா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தார். மூச்சு விசிலடித்தது, உதடு நீலமாகியிருந்தது. மடியில் கிடந்த தொலைபேசி அப்போதும் மினுங்கிக்கொண்டிருந்தது. எடுத்துப் பேச அவரிடம் மூச்சு இல்லை. முழங்கால் உளைவுக்கென்று கோயிலில் பக்கத்தில் இருந்தவர் ஒரு வலி மாத்திரை கொடுத்திருக்கிறார். அதை விழுங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் இந்த நிலை.

பெரியாஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்து, மருந்து ஏற்றி, விடியும்போது மூச்சுச் சீராகியது. மூக்குச் சதையும் ஆஸ்துமாவும் சேர்ந்து உள்ள சிலருக்கு அஸ்பிரினும் அந்த வகை வலி மாத்திரைகளும் ஒத்துவராது, உயிருக்கே ஆபத்தாகலாம், இனிக் கேட்காமல் ஒன்றும் விழுங்கக்கூடாது என்று டொக்ரர் சொன்னார். நான் வெளியில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்து யோசித்தேன். இந்த மனிசி எந்த அழைப்புக்காக மூக்கு வருத்தத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டிருந்ததோ, அதே அழைப்புத்தான் அவரைக் காப்பாற்றியிருக்கிறது. நான் ஏசியது சரியா பிழையா என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு ஸ்கான் எடுத்து, சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்தார்கள். அக்கா பின்வாங்கினார். எமில்ராஜ்தான் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தான். "செய்யுங்கோ அம்மா. நான் ஒவ்வொரு நாளும் எடுப்பன், சத்தியமா."

முகத்தில் ஒரு கீறல் இல்லாமல், மூக்குத் துவாரத்தாலேயே கமராவை விட்டுச் சதையை எடுத்தார்கள். எடுத்த சதையைச் சோதித்ததில் பயப்பட ஒன்றும் இல்லை. ஐந்தாறு கிழமையில் அக்கா கடைக்கு வந்து, வாசலில் நின்று மூக்கைச் சுருக்கினார். கடல் வற்றி, சேறு மணக்கும் நேரம்.

"இவ்வளவு நாத்தத்துக்குள்ளையே தம்பி நாங்கள் இருக்கிறம்?" என்று சிரித்தார். மணி அடித்தாற்போல் குரல். இப்படியொரு குரல் இவருக்கு இருந்தது எனக்கு மறந்தே போயிருந்தது.

"இதோடை முடிஞ்சுதெண்டு நினைக்காதேங்கோ. ஸ்பிறேயை விட்டால் திரும்ப வளரும்" என்றேன்.

இந்த முறை அக்கா சொல் தவறவில்லை. மாதம் பிறந்ததும் போத்தலுக்கு வந்தார். தவறியது மற்றப் பக்கம். முதல் மாதம் எமில்ராஜ் நாள்தோறும் எடுத்தான். "பழைய குரல் அம்மா! இப்பதான் எனக்கு நிம்மதி" என்றானாம். பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள். பிறகு ஞாயிற்றுக்கிழமை. பிறகு அதுவும் பிந்தியது. அவன் பொல்லாத பிள்ளை இல்லை. சுகம் என்று தெரிந்ததும் மருந்தை நிறுத்துகிற சனத்தில் அவனும் ஒருவன், அவ்வளவுதான்.

அக்காவின் பனடோல் அட்டைகள் திரும்பவும் கூடின. நான் இப்போது ஒன்றும் கேட்பதில்லை. கதிரையை எடுத்துப் போட்டுவிடுவேன்.

போன மாசி மாதம், ஏழு மணிக்கு அக்கா போத்தல் வாங்க நின்றபோது தொலைபேசி அடித்தது. பதினேழு நாளைக்குப் பிறகு எடுக்கிறான். அக்கா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார். அழுத்திவிட்டு, மற்றக் கையின் இரண்டு விரலால் மூக்கைப் பொத்திப் பிடித்தார்.

"சொல்லு எமில்."

"என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு? அழுறியளோ?"

"இல்லையடா. தடிமன்."

"திரும்பவும் மூக்கோ? ஐயோ, டொக்ரரிட்டைப் போனியளே? நாளைக்கும் எடுக்கிறன், என்ன?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் கத்துவேன் என்று எதிர்பார்த்திருப்பார். எனக்குக் கோபம் வரவில்லை. போத்தலைக் கடதாசிப் பையில் போட்டு அவர் முன்னால் வைத்தேன். அக்கா அதைப் பார்த்தார். பிறகு விரலை எடுத்தார்.

"எமில், பொய் சொல்லிப்போட்டன். மூக்குக்கு ஒண்டுமில்லை. கையாலை பொத்திக்கொண்டு கதைச்சனான்."

"ஏனம்மா?"

"சுகமா இருந்தா நீ எடுக்கிறாயில்லை. எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லையடா. தனிய இருக்கத்தான் ஏலாமல் கிடக்கு."

அக்கா தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சரியம்மா" என்றான் கடைசியில். குரல் கட்டி, பானைக்குள் இருந்து வருவது போல இருந்தது.

"என்னடா எமில், அழுறியோ?"

"இல்லையம்மா. தடிமன்."