என் குருத்துப்பூச்சியும் மாமா மகனின் மின்மினியும்

சீட்டுக் குலுக்கியதில் மாமா மகனுக்கு மின்மினி விழுந்தது, எனக்கு நெற்பயிரை அழிக்கும் குருத்துப்பூச்சி. போன வருஷம், பி.யூ.சி. படிக்கும்போது, கல்லூரிக் கண்காட்சிக்காக விலங்கியல் வாத்தியார் செய்த வேலை.

"ரெண்டும் வயக்காட்டு ஈரத்துல பொறக்கிறதுதான். ஆளுக்கொரு மேசை. ஆனா ரெண்டையும் ஒப்பிட்டுப் படிச்சிட்டு வாங்கப்பா. எவன் மேசையில கூட்டம் நிக்குதோ அவன்தான் சாயங்காலம் மேடையேறிப் பேசுவான்" என்றார்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து எல்லா மேடையிலும் அவன்தான் ஏறியிருக்கிறான். இந்த ஒன்றையாவது விடக் கூடாது என்றிருந்தேன்.

அந்தப் பயல் செருப்புப் பெட்டிக்குள் மை பூசி, ஓட்டை போட்டு, மின்மினியை விட்டுவிட்டான். குனிந்து பார்த்தவர்களெல்லாம் "அடேயப்பா!" என்றார்கள். வரிசை வாசல் வரை போனது. என் மேசையில் பஞ்சின் மேல் வைக்கோல் நிறத்தில் ஒரு பூச்சி, சிறகுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. ஈ கூட எட்டிப் பார்க்கவில்லை.

"மச்சான், ஒன் பூச்சி தூங்குதா, செத்துப்போச்சா?"

"மூடியத் தொறடா மாப்ள. வெளிச்சத்துல ஒன்னோடது கரப்பானுக்குத் தங்கச்சி."

அவன் சிரித்தான். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அப்போது மணமேல்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் நேராக என்னிடம் வந்தார். "தம்பி, இது குருத்துப்பூச்சிதானுங்களே? எங்க பயிரையே அழிச்சிருச்சுங்க. இது எங்கிட்டு முட்டை வைக்குது?"

அவர் பின்னால் நான்கு பேர் கூடினார்கள். என் முதல் கூட்டம்! வாயைத் திறந்தேன். ஒரு வாரமாக மின்மினியில் என்ன குறை என்று மட்டும்தான் தேடித் தேடிப் படித்திருந்தேன்.

"மின்மினிப் புழு நத்தையத் திங்குமுங்க..."

"நான் கேட்டது இதைங்க தம்பி."

பக்கத்து மேசையிலிருந்து அவன் குரல் வந்தது. "எலை நுனியிலங்க. முட்டை மேல மஞ்ச முடியப் போத்தி வச்சிரும். நாத்து நுனியக் கிள்ளிட்டு நடுங்க, பாதி ஒழிஞ்சிரும்."

வருஷா வருஷம் எங்கள் வயலில் ஆத்தா நுனியைக் கிள்ளிப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். எதற்கென்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஐந்து பேரும் அங்கிட்டு நகர்ந்தார்கள். சாயங்காலம் மேடையில் அவன் பேசியதில் பாதி என் பூச்சியைப் பற்றித்தான். அதைத்தான் இன்னும் பொறுக்க முடியவில்லை.