சத்தில்லாத மண்

பக்கத்துத் தொழிற்சாலையின் கரித்தூள் எங்கள் கீரைப் பாத்தியில் முதன்முதலாக விழுந்தபோது நைனா சந்தோஷப்பட்டார். பூச்சி அண்டாமல் இருக்க வாரம் ஒருமுறை அடுப்புச் சாம்பலைக் கீரைமேல் தூவுவது எங்கள் வழக்கம். இப்போது மேலேயிருந்து சும்மாவே கொட்டுகிறதே என்று நினைத்துவிட்டார். நானும்தான் நினைத்தேன். அந்த முட்டாள்தனத்தை நினைத்தால் இன்றும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

அது எழுபதுகளின் தொடக்கம். திருவொற்றியூருக்கு வடக்கே எங்களுக்கு இருந்தது அந்த ஒரு துண்டு நிலம்தான். இரண்டே வருடத்தில் முளைக்கீரை பொத்தல் விழுந்து கருகியது. பிறகு விதைத்தது முளைக்கவே இல்லை. மேல்மண் ஓடு மாதிரி இறுகி, வெடித்து, காற்றடித்தால் பறந்தது. கீரை விற்று அரிசி வாங்கிய வீட்டில் ஒருவேளைக் கஞ்சிதான் மிச்சம்.

நைனா தொழிற்சாலை மேனேஜரிடம் போய்க் கைகட்டி நின்றார். நானும் கூட நின்றேன். புகைக்கும் பயிருக்கும் சம்பந்தமே இல்லை, உங்கள் மண்ணில் சத்தில்லை என்றார் அவர், எங்களை உட்காரக்கூடச் சொல்லாமல். பேண்ட் போட்டவர் சொன்னால் நைனாவுக்கு வேதவாக்கு. மாதவரம் மாட்டுக் கொட்டகைகளிலிருந்து வண்டி வண்டியாகச் சாணம் கொண்டுவந்து கொட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. அந்த மேனேஜர் நன்றாயிருக்கக் கூடாது என்று தினமும் வாய்விட்டுச் சபித்தேன்.

பிறகு தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் வந்தது. மூன்று மாதம் புகையே இல்லை. ஐப்பசி மழை மண்ணைக் கழுவியது. நைனா நம்பிக்கையில்லாமல்தான் விதைத்தார். பாத்தி நிறையச் சிறுகீரை வந்தது, ஒரு பொத்தல் இல்லாமல்.

ஒரு பிடியை வேரோடும் மண்ணோடும் பிடுங்கிக்கொண்டு மேனேஜர் பங்களாவுக்குப் போனேன். அவர் மனைவி ஆசையாக விலை கேட்டார். விற்பதற்கில்லை, ஐயாவைக் கூப்பிடுங்கள் என்றேன். அவர் வந்ததும் பளபளத்த தரையில் மண்ணை உதறினேன்.

“சத்தில்லன்னியே சார், அந்த மண்ணுதான் இது. உன் புகை நின்னுச்சு, மொளைச்சிக்கீது. இப்ப இன்னா சொல்ற?”

திங்கட்கிழமை வேலை தொடங்குகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நைனாவிடம் வந்து சொன்னேன். அவர் அரிவாளை எடுத்தார். “புகை துன்றதுக்கு முன்னால நாம துன்னுடலாம்” என்றார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அறுத்தோம். தெருவில் எல்லா வீட்டிலும் அன்று கீரைதான். பங்களாவிலிருந்து ஆள் வந்து இரண்டு கட்டு கேட்டான். வெறுங்கையோடு திருப்பி அனுப்பினேன். இன்றைக்கும் அது எனக்கு இனிக்கிறது.

திங்கட்கிழமை ஆலைச் சங்கு ஊதியபோது பாத்தியில் ஓர் இலை கிடையாது. அந்த மேனேஜர் கருக்குவதற்கு நாங்கள் எதையும் விட்டுவைக்கவில்லை.