சற்குணத்தாரின் சட்டைப் பையில் இருந்த சாவி

ஆயர் ஈத்தாம் பக்கத்தில் ஓர் அடுக்குமாடியின் எட்டாவது மாடியில் சற்குணம் என்று ஒருவர் இருக்கிறார். வயது எழுபத்து மூன்று. பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. வந்த கடிதத்துக்கு எண் போட்டார், போன கடிதத்துக்கு எண் போட்டார். ரப்பர் முத்திரையைக்கூடப் பூட்டித்தான் வைப்பாராம். அதைப் பெருமையாக என்னிடமே சொன்னார். ஓய்வு பெற்றதும் எண் போட ஒன்றும் கிடைக்கவில்லை. அடுக்குமாடி நிர்வாகக் குழுவில் செயலாளராகப் போய் உட்கார்ந்தார். பதினொரு வருடம் ஆகிறது, இன்னும் எழும்பவில்லை.

நான் அந்த வட்டாரத்துக்குக் கேஸ் தோம்பு, அதாவது சிலிண்டர் போடுகிறவன். லிப்ட்டில் ஏறினால் நாலு பக்கமும் அவர் எழுதிய அறிவிப்புதான். எச்சில் துப்பாதே, ஈரத்துணியை வெளியே தொங்கவிடாதே, பூனைக்குச் சோறு வைக்காதே. எல்லாவற்றுக்கும் எண் உண்டு. லிப்ட் மாதத்தில் பாதி நாள் ஓடாது. அதைப் பற்றி மட்டும் எண் போட்ட அறிவிப்பு எதையும் நான் பார்த்ததில்லை.

பத்தொன்பதாவது அறிவிப்பு கேஸ் தோம்பைப் பற்றியது. தோம்பை நிமிர்த்தி வைக்க வேண்டும், காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும், ரப்பர் குழாயை மாதம் ஒரு தடவை பார்க்க வேண்டும், சிறுபிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். அதில் ஒரு வரியும் தப்பில்லை. எங்கேயோ பார்த்து எழுதியதுதானே, எப்படித் தப்பு வரும்? ஆனால் எழுதிய மனிதர் தன் வீட்டில் பிடித்துக்கொண்டது கடைசி வரியை மட்டும். அடுப்பு மேசைக்குக் கீழே பலகையில் ஓர் அலமாரி அடித்தார். தோம்பை உள்ளே வைத்துப் பூட்டினார். காற்றுப் போக ஒரு துவாரம் கிடையாது. குழாய் மேலே வர மட்டும் ஒரு சின்ன ஓட்டை. சாவி அவர் சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில். அந்த வீட்டில் சிறுபிள்ளையே இல்லை. ஒரே மகள் ரஜிதா, அவளும் கோலாலம்பூரில் இருக்கிறாள், வயது நாற்பதுக்கு மேல்.

ஒவ்வொரு தடவை தோம்பு மாற்றும்போதும் அவர் வந்து திறக்கும்வரை நான் நிற்க வேண்டும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொன்னேன்.

"பூட்டாதீங்க லா ஐயா. கேஸ் கனமானது, ஒழுகினா தரையிலேயே தேங்கும். போறதுக்கு வழி வேணும். அவசரத்துக்கு ரெகுலேட்டரையும் மூட முடியாது."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, நீர் தோம்பு கொண்டுவாற ஆள். விதிகளைப் பற்றி என்னோட கதைக்காதேயும்."

அவர் மனைவி ஜெகதீஸ்வரி தாதியாக வேலை பார்த்தவர். அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு லிப்ட் வரை என் பின்னாலேயே வந்து, ஒழுகினால் என்ன செய்வது என்று கேட்டார். ஜன்னலைத் திற, சுவிட்சைத் தொடாதே, ரெகுலேட்டரை மூடு, வெளியே வந்துவிடு என்று சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "ரெகுலேட்டர் அவற்ற சட்டைப் பையிக்குள்ள எல்லோ இருக்கு" என்றார். சிரிக்கவில்லை.

இரண்டு மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கீழ்மாடி மண்டபத்தில் கூட்டம். வீட்டுத் தோம்புகளின் பாதுகாப்பு பற்றித்தான். சற்குணத்தார் இஸ்திரி போட்ட சட்டையோடு கோப்புகளைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருந்தார். நான் அவர் பக்கத்து வீட்டு மர்ஜானாவுக்குத் தோம்பு கொண்டு எட்டாவது மாடிக்குப் போனேன். ஜெகதீஸ்வரி அக்கா கைத்தொலைபேசியோடு நடைபாதையில் நின்றார். முகம் வெளுத்திருந்தது.

அலமாரிக்குள் உஸ்ஸென்று சத்தம் கேட்கிறது, நாற்றம் அடிக்கிறது என்றார். அடுப்பை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, ஒரு சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்துவிட்டார். கணவரை ஐந்து தடவை அழைத்தாராம், எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? கூட்டத்தில் தொலைபேசியை அணைத்து வைக்க வேண்டும் என்பது அவரே போட்ட பன்னிரண்டாவது அறிவிப்பு. மர்ஜானா படியில் ஓடிப்போய்க் கூப்பிட்டாள். குடியிருப்பாளர் கேள்விகள் கடைசியில்தான் என்று கையைக் காட்டி அவளை உட்காரச் சொன்னாராம் அந்தப் பெரிய மனிதர். அவள் மண்டபமே அதிரக் கத்திய பிறகுதான் எழும்பினார். அப்போதும் கோப்புகளை ஒழுங்காக அடுக்கிக்கொண்டுதான் புறப்பட்டாராம்.

நான் காத்திருக்கவில்லை. கொண்டுபோன தோம்பை நடைபாதையின் மறுகோடியில் வைத்தேன். லோரியில் இரும்புக் கம்பி இருந்தது, ஆனால் அதை எடுக்கப் போகவில்லை. பூட்டில் இரும்பு பட்டு ஒரு பொறி பறந்தால் போதும், நானும் இல்லை, அந்த மாடியும் இல்லை. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போய்க் காலால் உதைத்தேன். தரை துடைக்கும் தண்ணீர் ஏறிப் பலகையின் அடி ஊறிப் போயிருந்தது. மூன்றாவது உதையில் பூட்டு பலகையோடு பிய்ந்து வந்தது. நாற்றம் முகத்தில் அடித்தது. ரெகுலேட்டரை மூடினேன், சத்தம் நின்றது.

உள்ளே எலிப் புழுக்கை, கிழிந்த துணி. குழாயில் ஓர் இடத்தில் வரிசையாகப் பல் பதிந்திருந்தது. சற்குணத்தாரின் பூட்டு எலியை மட்டும் ஒன்றும் செய்யவில்லை.

நாற்றம் போக அரைமணி நேரம் எல்லாரும் வெளியே நின்றோம். அதற்குள் அவர் வந்து சேர்ந்தார். மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் இருந்தபடியே எட்டி அலமாரிக் கதவைப் பார்த்தார்.

"ஆரைக் கேட்டு இதை உடைச்சனீர்?"

நான் வாயைத் திறக்குமுன் அக்கா பேசினார். "நான்தான் உடைக்கச் சொன்னனான்."

சொல்லிக்கொண்டே கணவரின் கக்கத்தில் இருந்த கோப்பை உருவினார். வீடு வீடாகக் குழாய் பரிசோதித்த கணக்காம் அது. தங்கள் வீட்டு வரியில் விரலை வைத்தார். அன்றைய தேதி, 'நன்று' என்று ஒரு சொல், கீழே அழகான கையெழுத்து.

"எப்ப திறந்து பார்த்தனீங்கள்?"

"போன மாதமும் நல்லாத்தானே இருந்தது."

"போன மாதம் எப்ப திறந்தனீங்கள்?"

இரண்டு மாதத்துக்கு முன்னால் நான் தோம்பு மாற்றிய அன்று திறந்ததுதான். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். சுற்றி நின்றவர்களுக்கும் அப்போது தெரிந்துவிட்டது. அந்தக் கையெழுத்தை நம்பித்தானே அந்த மாடியில் அத்தனை வீடும் அடுப்பு மூட்டியது?

இதோடு மனிதர் திருந்தியிருப்பார் என்று நினைத்தால் உங்களுக்குக் கிராணிமாரைத் தெரியாது. மூன்றாம் நாள் லிப்ட்டில் புது அறிவிப்பு: பொருள் கொண்டுவரும் வெளியாட்கள் குடியிருப்பாளர் உடைமைகளைச் சேதப்படுத்தக் கூடாது. எண் இருபத்து மூன்று. என் முதலாளி தவுக்கேக்கும் ஒரு கடிதம் போட்டிருந்தார். தவுக்கே அதை மேசையில் விரித்து, மேலே மீ கோரேங் பொட்டலத்தைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டார்.

அடுத்த தடவை நான் போனபோது தோம்பு பின்பக்க பால்கனியில் நிமிர்ந்து நின்றது, புதுக் குழாயோடு. சமையலறை அலமாரிக்குக் கதவு இல்லை, உள்ளே வெங்காயக் கூடை இருந்தது. சற்குணத்தார் ஹாலில் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தலையைக் காட்டவில்லை. புதுக் கதவுக்கு ஆசாரியை வரச் சொல்லியிருந்தாராம், அதே பூட்டைப் போட. அக்கா ஆசாரியை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

நான் புறப்படும்போது அக்கா ஒரு சாவியை என் கையில் வைத்தார். காலையில் சட்டையைத் துவைக்க எடுத்தபோது கிடைத்ததாம். கதவே போன பிறகும் அதைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

"இதைத் தூரக் கொண்டுபோய் எறிஞ்சு விடுங்கோ தம்பி" என்றார், ஹாலுக்குக் கேட்கும்படியாகவே. "இஞ்ச குப்பைக்குள்ள போட்டா மனுசன் கிண்டி எடுத்துப்போடும்."