பானெட்டுக்கு வெளியே ஒரு சூப்பர்சார்ஜர்

கார் மெக்கானிக் வேலையில் பாதி, வண்டியைப் பழுதுபார்ப்பது. மீதிப் பாதி, வண்டிக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பது. அந்த மீதிப் பாதியில் மாட்டிக்கொண்டவர்கள் உங்களில் நிறைய பேர் இருப்பீர்கள். எழுபதுகளின் கடைசியில் திருப்பத்தூரில் பட்டறை வைத்திருந்தபோது நான் எப்படி மாட்டிக்கொண்டேன் என்று சொல்கிறேன்.

இறங்கித் தள்ளுங்க

அருளப்பன் என்னைவிட ஐந்தாறு வயது இளையவன். ஆலங்காயத்திலிருந்து மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூருக்கு வாடகைக் கார் ஓட்டினான். உள்ளே ஆறு பேர், மேலே மூட்டைகள். மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவு வந்ததும் கார் முக்கி முனகி நின்றுவிடும். எல்லாரும் இறங்கித் தள்ளி, மேடு தாண்டியபின் ஏறிக்கொள்ள வேண்டும். "கார்ல ஒரு கொறையும் இல்லண்ணா, மலைதான் சாஸ்தி. இன்னாவாவது பண்ணுங்க" என்று வாரம் தவறாமல் வந்து நிற்பான்.

ஒரு நாள் சாட்சியோடு வந்தான். மலையில் சாமை விதைக்கும் வெள்ளையன் என்ற பெரியவர். அந்தக் காரின் நிரந்தரப் பயணி. என்ன குறை என்று கேட்டேன். நிதானமாகச் சொன்னார்: "கார்ல வந்தேன்னு ஊர்ல சொல்றேன். அப்ப காலு ஏன் வலிக்குதுன்னு கேக்கறாங்க."

காற்று மட்டும் வரும்

பிஸ்டன் ரிங் வாங்க மெட்ராஸ் போனபோது, ஒரு பழைய இரும்புக் கடையில் அந்த அலுமினியப் பெட்டியைப் பார்த்தேன். உள்ளே இரண்டு உருளைகள் ஒன்றையொன்று தொடாமல் சுற்றின. ஏதோ வெளிநாட்டுக் காரில் இருந்த சூப்பர்சார்ஜர். இன்ஜின் தானாக இழுக்கிற காற்று போதாது என்று, பெல்ட் போட்டு இதைச் சுற்றவிட்டால், இது காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடுதலாக எரியும், இழுவை கூடும். புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன். கையில் தொட்டது அன்றைக்குத்தான்.

கடைக்காரருக்கு அது என்னவென்று தெரியவில்லை. ஆனால் நேர்மையானவர். எடுத்துக் கொடுக்கும்போதே எச்சரித்தார்: "தண்ணி பம்புன்னு ஒருத்தர் வாங்கிட்டுப் போனார். கெணத்துல வெச்சா காத்துதான் வருதுன்னு திருப்பிக் குடுத்துட்டார்."

குடல்

பொருத்துவதற்குப் பதினோரு நாள் ஆயிற்று. லேத் பட்டறை பாய் பெல்ட் ஓடுவதற்கு இரண்டு புல்லி கடைந்து கொடுத்தார். இரண்டாவதுதான் சரியாக இருந்தது. இவ்வளவு காற்றை இன்ஜின் தாங்க வேண்டுமே என்று தடித்த கேஸ்கட் தகடு போட்டு, உள்ளே காற்று அமுங்கும் அளவை, அதாவது கம்ப்ரஷனை, குறைத்தேன். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரைப் பெட்டியின் தலைமேல் ஏற்றினேன். எல்லாம் முடிந்து பானெட்டை மூடினால், மூடவில்லை. வேறு வழி இல்லாமல் பானெட்டில் சதுரமாக வெட்டினேன். பெட்டியும் கார்புரேட்டரும் வெளியே எட்டிப் பார்த்தன.

அருளப்பனுக்கு அது கம்பீரமாகத் தெரிந்தது. அவன் மனைவி மேரி சாப்பாட்டுக் கூடையோடு வந்தவள், காரை முன்னால் நின்றும் பக்கவாட்டில் நின்றும் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "ஆபரேசன் பண்ணச் சொன்னா, குடலை வெளியவே வெச்சுத் தெச்சுட்டீங்களேண்ணா?"

முதல் ஏற்றம்

முதல் பயணத்தில் நானும் போனேன். பெட்டி ஊளையிட்டது. மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் புதருக்குள் போய்விட்டன. ஆலங்காயத்தில் எங்களுக்கு முன்னால் கிளம்பிய பஸ்ஸை ஏற்றத்திலேயே முந்தினோம். அருளப்பன் திரும்பி என்னைப் பார்த்தான். ரோட்டைப் பாருடா என்றேன். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வளைவுக்கு முன்னால் அவன் கியர் மாற்ற வேகத்தைக் குறைத்தான். வெள்ளையன் பழக்கதோஷத்தில் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். கார் நிற்கவில்லை. மேட்டின் உச்சிக்குப் போய்த்தான் ஆளைக் காணோம் என்று தெரிந்தது. காத்திருந்தோம். நடந்து வந்து சேர்ந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "அப்பல்லாம் என்னைத் தள்ளச் சொன்னீங்க. இப்ப என்னையே தள்ளிட்டுப் போறீங்க."

டேங்கில் ஓட்டை

கார் இரண்டு காருக்கான பெட்ரோலைக் குடித்தது. பங்க் ஊழியர் முதல் வாரம் சந்தோஷப்பட்டார், இரண்டாம் வாரம் கவலைப்பட்டார். மூன்றாம் வாரம் காருக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு அருளப்பனைக் கேட்டார்: "கார்தான் ஓட்றியா, இல்ல வூட்டுக்கு எடுத்துக்கினு போய் குடிக்கிறீங்களா?"

இறக்கம்

இந்த இடத்தை நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலையில் ஏறுகிறது எல்லாம் இறங்கியும் ஆக வேண்டும். இறக்கத்தில் இரண்டாம் கியரில் விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கம்ப்ரஷனைக் குறைத்த இன்ஜின் அவ்வளவு பிடிக்காது. பிரேக்தான் முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும். பதினோரு நாள் ஏற்றத்தைப் பற்றியே யோசித்தேன். இது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு நாள் மலையிலிருந்து இறங்கும்போது மேரியும் இன்னும் மூன்று பேரும் உள்ளே. மேலே புளி மூட்டைகள். பாதி இறக்கத்தில் பிரேக் சூடேறி, மிதித்தால் தரை வரை போனது. ஒரு பக்கம் பள்ளம். அருளப்பன் மலைப் பக்கத்து மண்மேட்டில் காரை உரசி உரசி நிறுத்தினான். மேரிக்கு மணிக்கட்டு முறிந்தது. மற்றவர்களுக்குக் காயம் இல்லை. சேதி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அருளப்பன் சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் தன் கையையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஏறுறதுக்கு வழி பண்ணீங்க. நிக்கறதுக்கு ஒண்ணும் பண்ணலியேண்ணா."

கழற்றியது

பெட்டியை நானே கழற்றினேன். பழைய தடிமனிலேயே கேஸ்கட் போட்டு, நாலு சக்கரத்துக்கும் புது பிரேக் லைனிங் வைத்து, பானெட்டு ஓட்டைக்குத் தகரம் அடித்தேன். மாவுக்கட்டுக் கையோடு மேரி வந்து மேற்பார்வை பார்த்தாள். ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றிவிட்டு, என்னைப் பிரேக் மிதிக்கச் சொல்லி, நிற்கிறதா என்று பார்த்தாள். கடைசியில் தகரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இப்பதாண்ணா கண்ணுக்குக் காரு மாதிரி இருக்குது."

அடுத்த ஆள்

அடுத்த மாதமே அமிர்திப் பக்கத்திலிருந்து ஒருவர் ஜீப்பில் வந்தார். அந்தப் பெட்டியைத் தன் ஜீப்பில் மாட்ட வேண்டும் என்றார். நான் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, கம்ப்ரஷன், பிரேக், மண்மேடு, மணிக்கட்டு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். முடித்ததும் ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "அதெல்லாம் கேள்விப்பட்டுதாங்க வந்தேன். பஸ்ஸை முந்துச்சா இல்லியா, அத்த மட்டும் சொல்லுங்க."

முந்தியது என்று நான் உண்மையைச் சொன்னேன். பட்டறைத் தொழிலில் உண்மையைச் சொல்லி நான் வருத்தப்பட்டது அந்த ஒரு தடவைதான்.